அத்தியாயம் 7: நாலு செயலி, ஒரே இடாப்பு

சம்பூர் வாசிகசாலை ஒன்றுக்கு உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, பத்திரகாளி அம்பாள் கோயிலைப் பற்றி என்னென்ன இருக்கிறது என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். பொறுப்பாளர் முதலில் கலிபரைத் திறக்கிறார். கோயில் மலர் ஒன்றின் வருடிய பிரதி கிடைக்கிறது. அடுத்து டிஜிகாம்: திருவிழாப் படங்கள் முப்பது. கசற்றிலிருந்து மாற்றிய பாட்டுகளுக்கு எம்பி3டேக். கடைசியில் வீடியோவுக்கு ஜெல்லிஃபின். ஒன்றில் "பத்திரகாளி" என்று தட்டினால் வருகிறது, இன்னொன்றில் "பத்ரகாளி" என்றால்தான் வருகிறது. இருபது நிமிடம் கழிகிறது. இருப்பதெல்லாம் கிடைத்துவிட்டதா என்பது அப்போதும் இருவருக்கும் தெரியாது.

இந்த அத்தியாயத்தின் வேலை அந்த நாலு தேடலையும் ஒரே தேடலாக்குவது.

## இணைப்பது எதை?

இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும் ஒரு பெரிய செயலியைத் தேடப் போவார்கள். போக வேண்டாம். கலிபர் மின்னூலுக்கென்று பிறந்தது. கோவிட் கோயல் என்ற இந்தியர் 2006இல் தொடங்கிய மென்பொருள். அட்டைப்படம், கோப்பு வடிவம், தொடர் வரிசை எல்லாம் அதற்கு அத்துப்படி. ஆனால் ஒரு படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யார் என்று குறிக்க அதில் வழியில்லை. டிஜிகாமில் முகத்தைச் சுற்றிப் பெட்டி போட்டுப் பெயர் எழுதலாம். பதிப்பாளர் என்றால் அது விழிக்கும். ஆகவே செயலிகள் இருந்தபடியே இருக்கட்டும். அவற்றின் உள்ளே கிடக்கும் பட்டியல்களை மட்டும் வெளியே எடுத்து ஒரு தாய் இடாப்பில் சேர்த்தால் போதும்.

இதே வழியில் நடக்கும் பெரிய எடுத்துக்காட்டு நம்மிடமே இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், அச்சு ஆவணங்களுக்கான தன் எண்ணிம நூலகத்தை மீடியாவிக்கியில் கட்டியது. விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருள். படம், ஒலி, ஒளிப்பதிவு போன்ற பல்லூடக ஆவணங்கள் வரத் தொடங்கியபோது அவற்றை அதற்குள்ளேயே திணிக்கவில்லை. "ஆவணகம்" என்ற தனித்தளம் ஐலண்டோரா என்ற வேறு மென்பொருளில் எழுந்தது. அச்சுப் பக்கத்தில் எந்த நூலைத் திறந்தாலும் மேலே ஒரு சிறு பெட்டி தெரியும்: நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள். ஏழே வரி. அதிலும் முதல் வரி எண். அந்த ஒழுங்கைத்தான் இங்கே சின்ன அளவில் பின்பற்றப் போகிறோம்.

## சம்பூரில் ஒரு தனிச் சிக்கல்

2006இல் போரினால் சம்பூரும் அயற்கிராமங்களும் முழுதாக வெளியேறின. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தவர்கள், 2015இலும் கடற்படை முகாம் காணி விடுபட்ட 2016இலும்தான் திரும்பினார்கள். அலுமாரியோடு போன ஆல்பங்கள் திரும்பவில்லை. மிஞ்சிய படங்கள் பெரும்பாலும் வெளியூரில் கல்யாணம் செய்த மகளிடமோ, மட்டக்களப்பிலோ கனடாவிலோ உள்ள சித்தப்பாவிடமோ இருக்கும்.

ஆகவே இங்கே பட்டியலிடப்படுவதில் பாதி வாசிகசாலைக்குச் சொந்தமாக இராது. வாங்கி, வருடி, திருப்பிக் கொடுத்தவை. சாதாரணப் பட்டியல் செயலிகள் "என்னிடம் உள்ள பொருள்" என்ற எண்ணத்தில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. "மூலப் பிரதி யாரிடம்?" என்ற நிரலை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பின்னர் சேர்க்கலாம் என்று விட்டால் அந்த விவரம் கொடுத்தவருடைய நினைவோடு போய்விடும்.

## கைக்கு வேண்டியவை

மடிக்கணினி ஒன்று. பற்றரி ஓரளவு நின்றால் நல்லது. ஏற்றுமதி நடக்கும்போது கரண்ட் போனால் பாதிக் கோப்பு மிஞ்சும். இரண்டு வெளி வன்தட்டுகள். லிப்ரே ஓபிஸ், ஓப்பன்ரீஃபைன், எக்ஸிஃப்டூல் ஆகிய மூன்று மென்பொருள்கள், மூன்றும் இலவசம். ஒற்றை ரூல் கொப்பி ஒன்று, மென்மையான பென்சில்கள். கொப்பியைக் கேலி செய்ய வேண்டாம், அது கடைசிப் படி வரைக்கும் வரும்.

காலமும் பார்க்க வேண்டும். மாரி தொடங்கிவிட்டால் கொட்டியாரக் குடாக் காற்றில் காகிதம் நமுத்துப்போகும். பெட்டி திறப்பது, படம் வருடுவது போன்றவற்றை வெயில் மாதங்களில் முடித்துவிட்டு, கணினி வேலையை மழைக்கு வைத்துக்கொள்ளலாம்.

## படி 1: எதையும் தொடுமுன் பிரதி

1. நாலு செயலிகளையும் மூடுங்கள். திறந்திருக்கும்போது தரவுத்தளக் கோப்பைப் பிரதி செய்தால் பாதி எழுதிய நிலையில் அது மாட்டிக்கொள்ளலாம்.
2. ஒவ்வொரு செயலியின் கோப்புறையையும் முழுதாக இரு வன்தட்டுகளுக்கும் பிரதி செய்யுங்கள்.
3. ஒரு வன்தட்டை வேறு ஊரில் வையுங்கள். மூதூரோ திருகோணமலையோ போதும். அதே கட்டடத்தின் அடுத்த அறை போதாது.
4. பிரதியை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி பிரதியல்ல.

மூன்றாவது வரியைத் தாண்டிப் போகிறவர்களுக்கு 1981 யாழ்ப்பாணப் பொது நூலக எரிப்பு ஞாபகம் வரட்டும். வேறெங்கும் இல்லாத ஒற்றைப் பிரதிகள் பல அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமியும் இந்தக் கரைக்குத்தான் வந்தது.

கலிபர் நூலகத்தை இணைய ஒத்திசைவுக் கோப்புறைக்குள் வைத்துவிட்டு அதையே காப்புப்பிரதி என்று நம்புவது இங்கே வழக்கமான பிழை. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் எழுதினால் தரவுத்தளம் பழுதாகலாம். ஒரு கணினியில் அழிந்தது மற்றதிலும் அழியும்.

## படி 2: எண்

முழு வேலையிலும் சலிப்பானது இதுதான். இதைச் சரியாகச் செய்தால் மற்றவை தாமே விழும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். 10001இல் தொடங்கி வரிசையாக. 0001 என்று தொடங்கினால் விரிதாள் முன்னால் உள்ள பூச்சியங்களைத் தின்றுவிட்டு 1 என்று காட்டும். பிறகு கோப்பின் பெயரும் இடாப்பின் எண்ணும் பொருந்தா.

எண்ணுக்குள் அர்த்தம் வைக்க வேண்டாம். "நூலுக்கு 1, படத்துக்கு 2" என்று முதல் இலக்கத்தைப் பிரித்து வைக்க ஆசை வரும். பின்னட்டையில் இறுவட்டு ஒட்டிய ஒரு சஞ்சிகை வந்ததும் அந்த ஏற்பாடு தடுமாறும். வகைக்குத் தனி நிரல் இருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து வேலை செய்தால் எண்களை ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்துக் கொடுங்கள்: ஒருவருக்கு 10001 முதல் 10500 வரை, அடுத்தவருக்கு 10501 முதல். யாருக்கு எது என்று கொப்பியில் எழுதிவையுங்கள். ஒரு பொருள் நீக்கப்பட்டாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

எண் மூன்று இடத்தில் இருக்க வேண்டும்:

1. பொருளில். புத்தகத்தில் முன்னட்டையின் உட்புறம், பென்சிலால். படத்தில் எழுத வேண்டாம். அதை வைத்த கடித உறையில் எழுதுங்கள். போல்பொயின்ற் பேனையும் செலோரேப்பும் படத்துக்கு விஷம்.
2. கோப்பின் பெயரில், இலக்கமாக. தமிழ்ப் பெயரிட்ட கோப்புகளைச் சில பழைய டிவிடிக் கருவிகள் வாசிக்கா.
3. செயலிக்குள். கலிபரில் தனிநிரல் ஒன்று உருவாக்கலாம். எம்பி3டேக்கில் குறிப்புப் புலம். மேற்கோள் திரட்டும் ஸொட்டேரோ செயலி வைத்திருப்பவர்களுக்கு "கோல் நம்பர்" புலம். டிஜிகாமுக்கும் ஜெல்லிஃபினுக்கும் கோப்புப் பெயரே போதும்.

கசற் பற்றி ஒரு எச்சரிக்கை. எண் ஒட்டி முடிந்ததும் ஓடவிட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். முதலில் கசற்றின் மேல்விளிம்பில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு பதிவுப் பொத்தானைத் தவறி அமுக்கினாலும் பழைய கூத்துப் பாட்டின்மேல் புதிதாக எதுவும் பதியாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிடவே கூடாது. ஓட்டினால் அடுத்த கசற்றுக்கும் கருவி வழியாகப் பரவும். அதைத் தனிப் பையில் போட்டு, முகக்கவசம் கட்டிக்கொண்டு கையாளுங்கள்.

## படி 3: பொது நிரல்கள்

நாலு செயலிகளும் ஒரே விஷயத்தை நாலு பெயரில் அழைக்கின்றன. ஒன்றில் "ஆசிரியர்", இன்னொன்றில் "கலைஞர்", மூன்றாவதில் "படம் எடுத்தவர்". கொப்பியில் ஒரு பக்கத்தை ஐந்தாகக் கோடிட்டு, இடது ஓரத்தில் பொது நிரல்களையும் மற்ற நாலில் ஒவ்வொரு செயலியும் அதற்கு வைத்திருக்கும் பெயரையும் எழுதுங்கள். ஒரு கிராமத் திரட்டுக்கு இவ்வளவு போதும்:

எண், வகை, தலைப்பு, ஆக்கியோர், பெயரின் மறுவடிவங்கள், காட்டும் காலம், அடுக்கும் ஆண்டு, இடம், பொருள், மூலப் பிரதி யாரிடம், யார் பார்க்கலாம், கோப்பு இருக்கும் பாதை, எந்தச் செயலியிலிருந்து வந்தது.

காலத்துக்கு ஏன் இரண்டு நிரல்? பழைய படத்தின் பின்னால் "1983 அளவில்" என்றிருக்கும், அல்லது "இடம்பெயர முந்தி" என்று ஒரு பாட்டி சொல்லியிருப்பார். அந்த வார்த்தைகளை அப்படியே முதல் நிரலில் எழுதுங்கள். அதுவும் ஒரு சான்று. இரண்டாவதில் வரிசைப்படுத்துவதற்காக மட்டும் ஒரு ஆண்டு: 1983, 2005 என்று.

1995இல் உருவாகத் தொடங்கி இன்று உலக நூலகங்கள் பயன்படுத்தும் டப்ளின் கோர் என்ற பதினைந்து புலங்களோடு இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். நாளை பெரிய தளம் ஒன்றுக்குப் பட்டியலைக் கொடுக்க நேர்ந்தால் திரும்பத் தட்ட வேண்டியிராது. கோட்பாடாக இவ்வளவு தெரிந்தால் போதும்.

## படி 4: செயலிகளிலிருந்து வெளியே எடுத்தல்

எல்லாவற்றையும் சிஎஸ்வி வடிவில் எடுக்க வேண்டும். வெறும் எழுத்துக் கோப்பு; எந்த மென்பொருளும் வாசிக்கும்.

1. கலிபர்: பட்டியல் உருவாக்கும் வசதி "கன்வேர்ட்" பொத்தானின் கீழ்விரியும் பட்டியலில் ஒளிந்திருக்கிறது. சிஎஸ்வி என்று தெரிவு செய்து, எண் வைத்த தனிநிரலும் சேர்கிறதா என்று பாருங்கள்.
2. டிஜிகாம்: முதலில் அமைப்பில், விவரங்களைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதும்படி சொல்லுங்கள். பிறகு எக்ஸிஃப்டூல் முழுக் கோப்புறையையும் ஒரே கட்டளையில் சிஎஸ்வியாக்கித் தரும்.
3. எம்பி3டேக்: எல்லாப் பாட்டையும் தெரிவு செய்து ஏற்றுமதி.
4. வீடியோ: நூற்றுக்குக் குறைவாக இருந்தால் கையால் தட்டுங்கள். அதற்கென்று நிரல் எழுதப் போகும் நேரத்தில் தட்டி முடித்துத் தேநீரும் குடித்துவிடலாம்.

ஜெல்லிஃபினும் அதுபோன்ற கோடி என்ற செயலியும் வீடியோவின் பெயரைப் பார்த்து இணையத்தில் உள்ள சினிமாத் தகவல் களஞ்சியத்தில் தேடக்கூடியவை. ஊர்க் கல்யாண வீடியோவின் பெயர் ஏதாவது சினிமாவின் பெயரோடு ஒத்துப்போனால், மாப்பிள்ளையின் இடத்தில் நடிகரின் சுவரொட்டி வந்து நிற்கும். நூலக வகையை "வீட்டு வீடியோ" என்று முதலிலேயே மாற்றிவிட்டால் இந்தக் கூத்து நடக்காது.

ஒவ்வொரு ஏற்றுமதி முடிந்ததும் செயலி காட்டும் மொத்த எண்ணிக்கையையும் சிஎஸ்வியின் வரி எண்ணிக்கையையும் கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தலைப்பு வரி நீங்கலாக 412 படம், 419 வரி என்றால் படக்குறிப்புகளுக்குள் யாரோ ஏழு தடவை என்டர் தட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

## படி 5: தமிழைச் சீராக்கல்

ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் படி அரைப் பக்கம். நமக்கு இதில்தான் பாதி நேரம் போகும்.

கோப்பைத் திறப்பதிலேயே முதல் விபத்து. சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்தால் தமிழ் முழுதும் கிறுக்கலாகத் தெரியலாம். அப்படியே சேமித்தால் கிறுக்கலே நிலைத்துவிடும். லிப்ரே ஓபிஸ் கல்க் திறக்கும்போதே எழுத்துத் தொகுதி எது என்று கேட்கும். யூடிஎஃப்-8 என்று சொல்லி, எல்லா நிரல்களையும் "உரை" என்று குறியுங்கள். குறிக்காவிட்டால் 955 அல்லது 624 வரும் இலங்கை ஐஎஸ்பிஎன் பதின்மூன்று இலக்கமும் சுருங்கி ஒரு தசம எண்ணாகத் தெரியலாம். இதழ் எண்ணாகக் கட்டத்தில் தனியே நிற்கும் 3-4 ஒரு திகதியாக மாறலாம்.

அடுத்தது பாமினி. இலங்கையில் பழைய கணினிகளில் தட்டிய பட்டியல்கள் பெரும்பாலும் இந்த எழுத்துருவில்தான். எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். இலவச மாற்றிகள் பல உண்டு. ஆனால் ஒரே கட்டத்துக்குள் பாமினித் தமிழும் உண்மையான ஆங்கிலமும் கலந்திருந்தால் அவை ஆங்கிலத்தையும் மாற்றித் தமிழ்க் குப்பையாக்கிவிடும். மாற்றியபின் ஆங்கிலத் தலைப்புகள் உள்ள வரிகளை மட்டும் கண்ணால் பாருங்கள்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. "கொட்டியாரம்" என்பதின் "கொ" ஒருங்குறியில் இரு விதமாகப் பதியலாம்: "ொ" என்ற ஒரே குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றே. சில மென்பொருள்களின் தேடலில் இரண்டும் வேறு. இந்தத் தொல்லை ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களுக்கு மட்டும்தான் என்பதால் மூன்று தேடி-மாற்றலில் முடிந்துவிடும். "ஸ்ரீ"யும் இரு விதமாகப் பதியக்கூடியதே. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு பெயர்கள். மூதூர்க்காரரான வ. அ. இராசரத்தினத்தின் "தோணி" சிறுகதைத் தொகுப்பு திரட்டில் இருந்தால் இதைக் கண்ணாரக் காணலாம். ஒரு செயலியில் "வ. அ. இராசரத்தினம்", இன்னொன்றில் இடைவெளியில்லாமல் "வ.அ.இராசரத்தினம்", மூன்றாவதில் "இராஜரத்தினம்". கலிபர் மேலைநாட்டு வழக்கப்படி வரிசைப் பெயரைத் தானே புரட்டி "இராசரத்தினம், வ. அ." என்றும் ஒன்று வைத்திருக்கும். ஒரே ஆள், நாலு பேராகிவிட்டார்.

ஓப்பன்ரீஃபைனில் ஆக்கியோர் நிரலுக்கு "டெக்ஸ்ட் ஃபசெற்" போட்டால் எல்லாப் பெயர்களும் எத்தனை தடவை வந்தன என்ற கணக்கோடு ஓரத்தில் அடுக்கி நிற்கும். அடுத்தடுத்து நிற்கும் உறவுக்காரப் பெயர்களைக் கண்டுபிடித்து ஒரு வடிவத்துக்கு மாற்றுங்கள். எது சரியான வடிவம்? நூலின் உட்பக்கத்தில் ஆசிரியர் தன்னை எப்படி எழுதினாரோ அது. மற்றவற்றை எறிய வேண்டாம். "மறுவடிவங்கள்" நிரலுக்கு அனுப்புங்கள். தேடுகிறவர் எதைத் தட்டினாலும் அகப்பட வேண்டும்.

அந்த நிரலுக்கு வெளிநாட்டுப் பெயர்களும் நிறையத் தீனி போடும். 1660இல் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1681இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட ஆங்கிலேய மாலுமி, இலங்கைத் தமிழில் றொபட் நொக்ஸ். தமிழ்நாட்டில் ராபர்ட் நாக்ஸ். ஊர்ப்பெயரும் அப்படித்தான். திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை மூன்றும் ஒன்று என்று மனிதருக்குத் தெரியும், இடாப்புக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

## படி 6: சேர்த்தல்

1. நாலு சிஎஸ்வியிலும் நிரல்களைப் படி 3இன் வரிசைக்கு மாற்றுங்கள். இல்லாத நிரலை வெறுமையாக விடுங்கள்.
2. ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே தாளில் ஒட்டுங்கள்.
3. மொத்த வரி நாலின் கூட்டுத்தொகையா என்று கொப்பியோடு ஒப்பிடுங்கள்.
4. எண் நிரலை வரிசைப்படுத்தி, இரட்டிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி ஒரு பெரிய கேள்வி: பிழை திருத்துவது எங்கே? மூலச் செயலியில் மட்டும். படி 5இல் சீராக்கிய பெயர்களையும் அங்கேயே மாற்றிவிடுங்கள். இடாப்பில் திருத்தினால் அடுத்த முறை ஏற்றுமதி செய்து சேர்க்கும்போது பழைய பிழை மறுபடி வந்து உட்காரும். பலருடைய முயற்சி ஆறு மாதத்தில் நின்றுபோவது இதனால்தான். இரு இடங்களிலும் மாறி மாறித் திருத்தி, எது புதியது என்றே தெரியாமல் போய்விடும்.

ஆனால் "மூலப் பிரதி யாரிடம்", "யார் பார்க்கலாம்", "மறுவடிவங்கள்" ஆகிய மூன்றுக்கும் எல்லாச் செயலிகளிலும் இடமில்லை. அவற்றை எண்ணோடு சேர்த்துத் தனித்தாளில் வையுங்கள். விலுக்கப் என்ற சூத்திரம் எண்ணைப் பார்த்து அவற்றை இடாப்புக்குள் கொண்டுவரும். இடாப்பை எத்தனை முறை புதிதாகக் கட்டினாலும் அந்தத் தாள் கலையாது.

## படி 7: முன்திரை

தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரே தேடல் இப்போதுதான் வருகிறது.

சில ஆயிரம் பொருள் வரைக்கும் கல்க் தாளின் வடிகட்டியே போதும். அழகில்லை, உண்மை. ஆனால் பத்து ஆண்டு கழித்தும் திறக்கும், பொறுப்பாளர் மாறினாலும் விளங்கும். அட்டைப்படத்தோடு அழகாக வேண்டும் என்றால் லினக்ஸில் டெலிகோ, விண்டோஸிலும் ஓடும் டேட்டா குரோ. இரண்டும் நூல், பாட்டு, படம் என்று பலவகையையும் ஒரு கூரையின்கீழ் காட்டுபவை. இணையத்தில் வெளியிட வேண்டும் என்றால் ஒமேகா எஸ். சிஎஸ்வியை இறக்கும் கூறு அதற்கு உண்டு. ஸொட்டேரோவை உருவாக்கிய அதே அமெரிக்கப் பல்கலைக்கழக மையத்தின் படைப்பு. அதற்கு வழங்கி வேண்டும், வழங்கியைப் புதுப்பிக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருக்க வேண்டும். அவர் வெளிநாடு போய்விட்டால் தளமும் போய்விடும் என்பதை யோசித்துத் தொடங்குங்கள்.

பட்டியலில் சொடுக்கினால் கோப்புத் திறப்பதற்கு ஹைப்பர்லிங்க் சூத்திரம் போதும். பாதையில் வன்தட்டின் எழுத்தைச் சேர்த்து எழுதிவிடாதீர்கள். இன்று ஒரு எழுத்து, நாளை வேறு பென்டிரைவ் குத்தினால் வேறு எழுத்து. அத்தனை இணைப்பும் ஒரே நாளில் செத்துவிடும். அடிப்படைப் பாதையை ஒரு கட்டத்தில் மட்டும் எழுதி, மற்ற எல்லாம் அந்தக் கட்டத்தோடு கூட்டிக்கொள்ளும்படி அமையுங்கள்.

## படி 8: யார் பார்க்கலாம்

இதைத் தவறவிட்டால் ஆட்களுக்குத் தீங்கு வரலாம். முகாம் காலப் படத்தில் நிற்பவர்களில் பிறகு காணாமல் போனவர் இருக்கக்கூடும். சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். இன்று யாரும் வெளியே காட்ட விரும்பாத ஒரு நிகழ்ச்சியின் வீடியோவும் இருக்கும்.

நிரலில் மூன்று சொல் மட்டும்: "எல்லோரும்", "வாசிகசாலைக்குள்", "மூடியது". எதுவும் எழுதப்படாவிட்டால் "மூடியது" என்றே பொருள். கொடுத்தவரிடம் கேட்டு, அவர் சொன்னதைத் திகதியோடு எழுதிய பிறகுதான் மாற்ற வேண்டும். பின்னர் அவர் மனம் மாறினாலும் மாற்றிக்கொடுக்க வேண்டும்.

வெளியே கொடுக்கும் பிரதியில் மூடிய வரிகளை மறைத்தால் போதாது. வடிகட்டியால் மறைத்த தாளைப் பெறுகிறவர் ஒரு சொடுக்கில் அத்தனையையும் பார்த்துவிடுவார். புதிய கோப்பில் "எல்லோரும்" வரிகளை மட்டும் ஒட்டி, "மூலப் பிரதி யாரிடம்" நிரலையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். கைபேசியில் எடுத்த படங்களுக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு ஒளிந்திருக்கலாம். வெளியிடும் பிரதியிலிருந்து எக்ஸிஃப்டூல் அதைத் துடைக்கும். மூலத்தில் துடைக்க வேண்டாம்.

பதிப்புரிமை பற்றி ஒரு வரி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டு வரை உரிமை நிற்கும். 2001இல் மறைந்த வ. அ. இராசரத்தினத்தின் நூல்களுக்கு அது 2071 வரை. பட்டியலில் பெயர் எழுத எவருடைய அனுமதியும் வேண்டாம். நூலின் முழுக் கோப்பைப் பகிர அனுமதி வேண்டும்.

## படி 9: சோதனை

கணினி தெரிந்தவரை வைத்துச் சோதிக்க வேண்டாம். மூன்று பேரைக் கூப்பிடுங்கள்: ஒரு மாணவர், ஒரு வயோதிபர், ஊரைவிட்டுப் போய் விடுமுறைக்கு வந்த ஒருவர். ஒவ்வொருவரும் தாமாக ஒரு கேள்வி கேட்கட்டும். அவர்கள் தட்டும் சொல்லை, எழுத்துப் பிழையோடு, அப்படியே கொப்பியில் எழுதுங்கள். எத்தனை கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதையும். மூத்தவர் "காளியம்மன் கோயில்" என்று கேட்பார், இடாப்பில் "பத்திரகாளி அம்பாள்" என்றிருக்கும். அந்தச் சொல் அன்றே மறுவடிவ நிரலுக்குப் போக வேண்டும்.

பிறகு மாதம் ஒரு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். போயா விடுமுறை வசதி. அன்று செய்ய வேண்டியவை ஒரே ஒழுங்கில்: புதிதாக வந்தவற்றுக்கு எண், செயலிகளில் பதிவு, நாலு ஏற்றுமதி, எண்ணிக்கை ஒப்பீடு, இடாப்பை மறுபடி கட்டுதல், இரு வன்தட்டுகளுக்கும் பிரதி, வெளியூர் வன்தட்டை மாற்றிக் கொண்டுபோய் வைத்தல். கொப்பியின் கடைசிப் பக்கத்தில், அந்த மாதம் தேடிக் கிடைக்காத சொற்களின் வரிசை.